கச்சான் காற்றும் இடம் மாறிய முகவரியும்: தங்கச்சிமடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

தங்கச்சிமடத்தில் உள்ள அந்த ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த புகாரில் இரண்டு பாதிகள் இருந்தன. கேட்கும்போது பிரிண்டர் அச்சடிப்பதில்லை, கேட்காதபோது அச்சடிக்கிறது. ஆதார் நகலுக்காக ஒருவர் காத்து நிற்கும்போது, பல நாட்களுக்கு முன் வேறு யாரோ கேட்ட மீனவர் அடையாள அட்டையின் நகல் உள்ளறையிலிருந்து தானாக வந்து விழுகிறது. கடையை நடத்தும் அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பருவத்தில் அது சிரித்துத் தள்ளக்கூடிய விஷயமாக இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதையொட்டி நிவாரணத்துக்கான தாள்கள், வங்கிப் புத்தக நகல், படகின் பதிவுச் சான்று என்று கடையில் கூட்டம் குறைவதே இல்லை. ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் இன்னொருவர் கைக்குப் போனால் ஊரில் கடை நடத்த முடியாது.

நான் இராமநாதபுரத்திலிருந்து கணினி, பிரிண்டர் பழுது பார்க்கப் போய்வருபவன். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று கடற்கரையோரக் கடைகளில் வைஃபை பிரிண்டர் பற்றிய புகார்கள் நிறைய வரும். பெரும்பாலானவை கடவுச்சொல் மாற்றம், மோடம் மாற்றம் என்ற அளவிலேயே முடிந்துவிடும். இந்த ஒன்றை விரிவாக எழுதக் காரணம், கடைக்காரர்கள் சொன்ன எல்லாமே உண்மையாக இருந்ததும், அதைக் கேட்டு முன்பு செய்யப்பட்ட பழுதுபார்ப்பு எல்லாமே சிக்கலைக் கூட்டியதும்தான்.

கடை இருக்கும் விதம்

தெருவைப் பார்த்த முன்பகுதியில் ஒரு கணினி, பக்கத்தில் ஒரு மடிக்கணினி. உள்ளறையில் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். ரவுட்டர் மாடிப்படிச் சுவரில், மேலே உள்ள வீட்டின் இணைப்பிலேயே ஓடுகிறது. முன்பு இவர்களிடம் இருந்த பிரிண்டர் முன்பகுதியிலேயே கம்பி வழியாக இணைக்கப்பட்டிருந்தது. கடற்காற்று நேராக அடித்து அதன் யூஎஸ்பி வாய் துருப்பிடித்துப் போனது. அதனால் புதியதை உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்து வைஃபையில் இணைத்தார்கள். அது நியாயமான முடிவு. இரண்டு கணினிகளுக்கும் ஒரே பிரிண்டர் வேண்டும். யூஎஸ்பி கம்பியை 5 மீட்டருக்கு மேல் நீட்டினால் நம்ப முடியாது.

பழைய பிரிண்டர் துருவில் போனதால், புதியதும் அதே வழியில் போகிறது என்பதே கடையில் எல்லோருடைய நம்பிக்கையாக இருந்தது. முன்பு வந்த பழுதுபார்ப்பவரும் அதையே சொல்லியிருந்தார்: உப்பு உள்ளே இறங்கி வைஃபை அட்டை கெட்டுவிட்டது, புதிய பிரிண்டர் வாங்குங்கள். அக்காவின் பேச்சில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றைப் பற்றிய வேறு ஒரு வாக்கியம். "கச்சான் அடிக்கிற நாளில்தான் தம்பி இது படுத்துகிறது. காற்று இல்லாத நாளில் நன்றாகவே ஓடுகிறது." கூடவே, திங்கட்கிழமை காலையில் மட்டும் காற்று இல்லாவிட்டாலும் தகராறு செய்யும் என்றார்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் வைஃபை, ஒரு வீட்டுக்குள்ளே இருக்கும் உப்புக் காற்றால் நின்றுவிடாது. காற்றின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்காகக் கடைக்காரர் கவனித்ததைத் தள்ளிவிடவும் கூடாது. தினமும் அந்தப் பிரிண்டரோடு மல்லுக்கட்டுபவர் காற்றோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார் என்றால், காற்று வேறு எதையோ தொடுகிறது என்று பொருள்.

கணினிக்குள் கிடந்த வரலாறு

முன்பகுதிக் கணினியில் பிரிண்டர்களின் பட்டியலைத் திறந்தபோது அங்கே ஒரே பிரிண்டர் நான்கு பெயர்களில் நின்றது. அசல் பெயர், அதன் பக்கத்தில் காப்பி 1, காப்பி 2, காப்பி 3. கடையில் வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு முறையே வைத்திருந்தார்: முதலில் அசலுக்கு அனுப்புவார், வராவிட்டால் காப்பி 1, பிறகு அடுத்தது. ஏதாவது ஒன்றில் வந்துவிடும். எதில் வரும் என்பது நாளுக்கு நாள் மாறும்.

மென்பொருளை நீக்காமல் மறுபடி மறுபடி நிறுவினால் விண்டோஸ் இப்படித்தான் செய்யும். பழைய பதிவை அப்படியே விட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு பதிவின் உடைமைகளிலும் போர்ட் என்ற பக்கத்தைப் பார்த்தேன். வலைப்பின்னலில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண் என்ற ஒரு முகவரி உண்டு. அசல் பதிவு 192.168.1.4 என்ற முகவரியைத் தேடிக்கொண்டிருந்தது. காப்பி 1 தேடியது 192.168.1.7. காப்பி 3 தேடியது 192.168.1.9. காப்பி 2 மட்டும் எண்ணில்லாமல், டபிள்யூஎஸ்டி எனப்படும் தானாகக் கண்டுபிடிக்கும் வகையில் இருந்தது.

பழுது இங்கேயே பாதி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை மென்பொருள் நிறுவப்பட்டபோதும், அன்றைக்குப் பிரிண்டர் எந்த எண்ணில் இருந்ததோ அந்த எண்ணைக் கணினி எழுதி வைத்துக்கொண்டது. பிறகு பிரிண்டர் வேறு எண்ணுக்குப் போய்விட்டது. கணினி பழைய எண்ணையே தட்டிவிட்டு, ஆஃப்லைன் என்று எழுதிக் காட்டியது. ஆஃப்லைன் என்ற அந்தச் சொல்லைப் பெரும்பாலோர் பிரிண்டரின் உடல்நிலை பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் உள்ள முகவரியில் பதில் இல்லை என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

பிரிண்டரின் தரப்பையும் கேட்க வேண்டும். அநேகமாக எல்லா வைஃபை பிரிண்டர்களிலும் தன் இணைப்பு விவரத்தைத் தானே ஒரு தாளில் அச்சிட்டுத் தரும் வசதி உண்டு. அதற்குக் கணினியே வேண்டாம். வந்த தாளில் வைஃபை பெயர் சரி, சிக்னல் நன்று, முகவரி 192.168.1.5. அதாவது கணினி வைத்திருந்த மூன்று எண்களில் ஒன்றுகூட அன்றைக்குச் சரியில்லை. முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காத கருவி தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் எண் அது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. வைஃபை அட்டை கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு அந்த ஒரு தாளில் விழுந்துபோனது.

பதில் சொன்ன முகவரி யாருடையது?

முன்பு வந்தவர், ஒரு முகவரியில் பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்த்திருக்கிறார், 192.168.1.7 பதில் சொன்னதாகவும், அதனால் வலைப்பின்னலில் குறையில்லை, குறை பிரிண்டரில்தான் என்று முடிவு செய்ததாகவும் அக்கா சொன்னார். நானும் பிங் செய்தேன். பதில் வந்தது. ஆனால் அன்று பிரிண்டர் இருந்தது 5ஆம் எண்ணில். அப்படியானால் 7இல் இருந்து பேசுவது யார்?

இதைக் கண்டுபிடிப்பது எளிது, ஆனால் பலரும் செய்வதில்லை. கணினி அண்மையில் பேசிய கருவிகளின் ஐபி எண்ணையும் மேக் முகவரியையும் பக்கம் பக்கமாகக் காட்டும் ஏஆர்பி என்ற கட்டளை உண்டு. மேக் முகவரி என்பது கருவியோடு தொழிற்சாலையிலேயே சேர்ந்து வருவது; பிரிண்டரின் விவரத் தாளிலும் அது அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டேன். 7ஆம் எண்ணுக்குரிய மேக் முகவரி பிரிண்டருடையதாக இல்லை. உலாவியில் அந்த எண்ணைத் தட்டியதும் கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டி தன் பயனர் பெயரைக் கேட்டு நின்றது.

பதிவுப் பெட்டி பிங்குக்குப் பதில் சொல்லும். அச்சு வேலையை வாங்காது. இந்தப் பதிவுகளில் அச்சு வேலைகள் கருவியின் 9100ஆம் எண் போர்ட் என்ற நுழைவாயிலுக்குப் போகும்படி அமைக்கப்பட்டிருந்தன. கேமரா பெட்டியில் அந்தப் போர்ட் மூடியே கிடக்கும். ஆக, பிங்கில் வரும் பதில் யாரோ அந்த எண்ணில் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்கிறது. இந்தத் தொழிலில் பிங்கை நம்பிக் கெட்டவர்கள் அநேகம்.

தானாக வந்த பழைய தாள்களுக்கும் விடை இங்கேதான் இருந்தது. அசல் பதிவுக்கு ஒரு கோப்பை அனுப்பி அது வரவில்லை என்றால், கடைப் பெண் அதை ரத்து செய்யாமல் அடுத்த பதிவுக்கு அனுப்புவார். முதலில் அனுப்பியது விண்டோஸின் வரிசையில் அப்படியே காத்திருக்கும். கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது, வட்டில் எழுதப்பட்டிருக்கும். பல நாள் கழித்துப் பிரிண்டருக்கு மறுபடி 4ஆம் எண் கிடைக்கும். வரிசையில் நின்ற வேலைகள் உடனே போய்ச் சேரும். அக்காவிடம் அந்த வரிசைகளைத் திறந்து காட்டியபோது, மூன்று பதிவுகளிலும் ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா நகல் என்று ஊராரின் தாள்கள் தேங்கிக் கிடந்தன. அவர் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

குழப்பத்துக்கு விண்டோஸும் தன் பங்கைச் சேர்த்திருந்தது. 2015இல் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு மாற்றத்தின்படி, கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே அது இயல்பான (டீஃபால்ட்) பிரிண்டராக வைத்துக்கொள்ளும். நான்கு பதிவுகள் உள்ள கணினியில் இது தினம் ஒரு பெயரை முன்னால் தள்ளும். அந்த அமைப்பை அணைத்துவிடுவதே நல்லது. வீட்டில் இருப்பதும் அலுவலகத்தில் இருப்பதும் என இரண்டு பிரிண்டர்களுக்கு நடுவே மடிக்கணினியோடு அலைபவருக்கு வேண்டுமானால் அது உதவலாம், கடைக்கு உதவாது.

எண் ஏன் மாறியது?

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மீன்துறையிடம் டோக்கன் வாங்குவதுபோல, வைஃபைக்குள் வரும் ஒவ்வொரு கருவியும் ரவுட்டரிடம் ஓர் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். இந்த ரவுட்டரில் 24 மணி நேரம். கருவி இயங்கிக்கொண்டிருந்தால் பாதிக் காலம் ஆனதும் தானே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் எல்லாம் தடையின்றி ஓடினால் எண் மாறாது. இரவில் கடையைப் பூட்டிப் பிரிண்டரை அணைத்தாலும் காலையில் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடுவதால் பழைய எண்ணே கிடைக்கும்.

மின்சாரம் போனால்தான் வினை. விலை குறைந்த பல ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மின்சாரம் போனால் கணக்கும் போய்விடும். சில ரவுட்டர்கள் கருவியின் மேக் முகவரியிலிருந்தே எண்ணைக் கணக்கிட்டுத் தருவதால், கணக்கு அழிந்தாலும் பெரும்பாலும் அதே எண் திரும்பிவிடும். இந்த ரவுட்டர் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. வந்த வரிசைப்படி காலியாக இருக்கும் எண்ணை எடுத்துக் கொடுப்பது.

இப்போது கச்சானுக்கு வருவோம். தென்மேற்கிலிருந்து அந்தக் காற்று வேகம் பிடிக்கும் நாட்களில் தென்னை மட்டை கம்பியில் விழுவதும், கம்பிகள் ஊசலாடி உரசுவதும், சில நொடி மின்சாரம் போய் வருவதும் தங்கச்சிமடம் இருக்கும் இந்த இராமேசுவரம் தீவில் சாதாரணம். காற்று கொண்டுவரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கான்களின் மேல் படிந்து, பனியோ தூறலோ பட்டால் மின்கசிவை உண்டாக்கி இணைப்பைத் துண்டிக்கவும் செய்யும். ஆக, உப்பைக் குற்றம் சொன்னவர் முழுதாகத் தவறவில்லை. உப்பு வேலை செய்த இடம் தெருவில் உள்ள மின்கம்பம். அவர் தேடியது பிரிண்டரின் வயிற்றில்.

மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுகின்றன. பிரிண்டர் ஒரு நிமிடத்துக்குள் தயாராகி வைஃபையைத் தேடும். ரவுட்டர் இன்னும் விழித்திருக்காது. அது எழுந்ததும் கேமரா பெட்டி, தொலைக்காட்சி, வீட்டில் உள்ளவர்களின் கைபேசிகள், பிரிண்டர் எல்லாம் ஒன்றாக எண் கேட்கும். யார் முந்துகிறாரோ அவருக்கு முதல் எண். கேமராவும் தொலைக்காட்சியும் வருவதற்கு முன்பு இந்தத் தொல்லை இருந்ததில்லை என்று அக்கா நினைவுகூர்ந்ததும் இதோடு பொருந்தியது: போட்டியிட ஆள் குறைவாக இருந்தால் வரிசை அதிகம் மாறாது.

திங்கட்கிழமைக்கும் காரணம் கிடைத்தது. ஞாயிறு விடுமுறை. சனி இரவு அணைத்த பிரிண்டர் திங்கள் காலையில்தான் எழும். அதற்குள் 24 மணி நேரம் கடந்து அதன் எண் காலியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தினர் வந்து ஒருவர் கைபேசியில் வைஃபை போட்டாலும் போதும், எண் அவருக்குப் போய்விடும்.

செய்தது

முதல் வேலை தேங்கிக் கிடந்த வரிசைகளை அழிப்பது. இரண்டு கணினிகளிலும் அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 அடைவுக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற அடைவில் இருந்த கோப்புகளை நீக்கி, சேவையை மறுபடி தொடங்கினேன். பிறகு நான்கு பதிவுகளையும் நீக்கினேன். பதிவை நீக்கினாலும் அது பயன்படுத்திய போர்ட் பட்டியலில் ஒளிந்திருக்கும். பிரிண்ட் சர்வர் உடைமைகளில் போய் அவற்றையும் தனியாக நீக்க வேண்டும்.

அடுத்தது ரவுட்டர். பிரிண்டரிலேயே ஒரு நிலையான எண்ணைத் தட்டிவிடுவது பலருக்குப் பிடித்த குறுக்குவழி. ரவுட்டர் வழங்கும் எண்களின் எல்லைக்குள் அதைச் செய்தால், ரவுட்டர் அறியாமல் அதே எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்து இரண்டும் மோதிக்கொள்ளும். ரவுட்டரிலேயே பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதே என் விருப்பம். அப்படியே 192.168.1.50 பிரிண்டருக்கும், 51 கேமரா பெட்டிக்கும் ஒதுக்கப்பட்டன. இரண்டு கணினிகளிலும் அந்த எண்ணைக் கொண்டு டிசிபி/ஐபி போர்ட் வழியாகப் புதிதாக ஒரே ஒரு பதிவு. டபிள்யூஎஸ்டி வகையைத் தவிர்த்தேன். எண் மாறினாலும் தேடிப் பிடிக்கும் என்பது அதன் பெருமை, ஆனால் பிரிண்டர் உறக்க நிலையில் இருக்கும்போது அது பல நேரம் கண்டுகொள்ளாது.

மூன்றாவது வேலை மிக எளியது. எனக்கு அதுதான் முதன்மையானதாகத் தோன்றியது: ரவுட்டரின் செருகியை இன்வெர்ட்டர் இணைப்புள்ள சாக்கெட்டுக்கு மாற்றுவது. வீட்டில் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தது. விளக்கும் மின்விசிறியும் கடைக் கணினிகளும் அதில் ஓடின. ரவுட்டரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. ரவுட்டர் அணையாவிட்டால் கணக்கும் அழியாது. பிரிண்டரையும் அதிலேயே போட்டுவிடலாமா என்று அக்கா கேட்டார். லேசர் பிரிண்டர் வேண்டாம். தாளில் மையை உருக்கி ஒட்டும் பகுதி சூடாகும் நேரத்தில் மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் தாங்காது.

சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இந்த வகைப் பழுதுக்குப் போதாது. ஒவ்வொரு முறை மென்பொருள் நிறுவப்பட்ட அன்றும் சோதனை அச்சு நன்றாகத்தானே வந்திருக்கிறது? அதனால் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். பிறகு ரவுட்டரையே அணைத்து, கேமரா பெட்டியை முதலில் எழவிட்டு, பிரிண்டரைக் கடைசியாகப் போட்டோம். எப்படிப் போட்டாலும் விவரத் தாளில் 50 என்றே வந்தது.

இடையில் கிடைத்த சில

அக்காவின் டேப்லெட்டில் இருந்து மட்டும் பிரிண்டரே தெரியவில்லை. இது முற்றிலும் வேறு காரணம். வாடிக்கையாளர்களுக்கென்று ரவுட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்று திறந்திருந்தார்கள். டேப்லெட் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிக்கு இணையம் கிடைக்கும், வீட்டின் மற்றக் கருவிகள் தெரியாது. அந்தத் தடை இருப்பதே நல்லது. ஊர்க் கைபேசிகள் எல்லாம் கடைப் பிரிண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. டேப்லெட்டை முதன்மை வைஃபைக்கு மாற்றினேன், முடிந்தது.

இந்தப் பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவது. கணினி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் பேசாது என்ற நம்பிக்கை கடைவீதிகளில் பரவலாக இருக்கிறது. ஒரே ரவுட்டரின் ஒரே வலைப்பின்னலில் இருக்கும்வரை தாராளமாகப் பேசும். பிரிண்டரை முதன்முதலாக வைஃபையில் சேர்க்கும் நேரத்தில் மட்டும் கைபேசி 5இல் இருந்தால் சில செயலிகள் திணறும், அப்போது 2.4க்கு மாறிக்கொண்டால் போதும்.

கோயிலைச் சுற்றி விடுதிகள் நெருங்கிய இராமேசுவரம் தெருக்களில் இதே ஆஃப்லைன் சொல்லுக்கு வேறு காரணங்கள் இருக்கும். அங்கே சுவருக்குச் சுவர் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேலே விழாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. தானியங்கியாக விடப்பட்ட ரவுட்டர் இடம் தேடி 12க்கோ 13க்கோ போய்விடும். இந்தியாவில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட சில கருவிகள் 11க்கு மேல் பார்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட பிரிண்டரின் விவரத் தாளில் வைஃபை இணைப்பே இல்லை என்று வரும். தங்கச்சிமடத்துக் கடையில் வந்த தாள் அப்படிச் சொல்லவில்லை. அதனால் சேனல் பக்கம் நான் போகவே இல்லை.

ரவுட்டரில் செய்த ஒதுக்கீடு அந்த ரவுட்டர் இருக்கும்வரைதான். இணைய நிறுவனத்தார் பெட்டியை மாற்றினாலோ, ஊசியால் குத்தி ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனாலோ ஒதுக்கீடு போய்விடும். அதனால் பிரிண்டரின் மேக் முகவரி, 50 என்ற எண், ரவுட்டரின் நுழைவுப் பக்கம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உள்ளறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தோம். யார் வந்து பிரிண்டரைத் தொட்டாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். மென்பொருளை மறுபடி நிறுவலாம் என்று யாராவது தொடங்கினால், காப்பி 1 என்ற பெயர் பட்டியலில் தோன்றுகிறதா என்று பார்க்கவும், தோன்றினால் அங்கேயே நிறுத்தவும் கடைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று.